ஏலப் பட்டியலில் ஒரு மோட்டார் வண்டி

ஞாயிறுதோறும் பழைய புத்தகச் சந்தைக்குச் செல்வது தலைநகர் வாழ்வில் எனக்கு வாய்த்த சிற்சில இன்பங்களுள் ஒன்று. தரியாகஞ்ச் நடைபாதைகளில் பல்லாண்டு காலம் கூடிவந்த அச்சந்தை 2019-ஆம் ஆண்டில் அருகிலுள்ள மகிளா ஹாட் திடலுக்கு இடம் பெயர்ந்தது. இடம் பெயர்ந்ததே தவிர, விற்போரின் பேரமும் புத்தகத் தூசியின் நெடியும் பெயரவில்லை. தமிழ் நூல் ஏதேனும் அகப்படுமா என்று தேடுவது என் வழக்கம். பத்து வாரத்திற்கு ஒருமுறை அகப்படும். அகப்படாத வாரங்களில் வெறுங்கையோடு திரும்ப மனமின்றி எதையாவது வாங்கி வருவேன்; அதற்குரிய வாழ்த்துரையை வீட்டில் கேட்டுக்கொள்வேன்.

அவ்வாறு இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி ஞாயிறன்று எண்பது ரூபாய் கொடுத்து வாங்கியது, ஐரோப்பிய ஏல நிறுவனம் ஒன்று வெளியிட்ட விற்பனைப் பட்டியல். பழைய மோட்டார் வண்டிகளுக்கென்றே நடந்த ஏலம் அது. எந்தத் தூதரக அதிகாரி ஊர் திரும்புகையில் கழித்துவிட்டுப் போனாரோ! ஏலம் முடிந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. முடிந்துபோன ஏலத்தின் பட்டியலைப் படிப்பதில் ஒரு நிம்மதி உண்டு. வாங்க வேண்டும் என்ற ஆசையோ, வாங்க இயலாதே என்ற ஏக்கமோ அங்கே குறுக்கிடுவதில்லை.

மத்திய அரசு எழுத்தன் ஒருவன் இத்தாலிய மோட்டார் வண்டியைப் பற்றி எழுதப் புகுவானேன் என்று மலரைப் புரட்டும் அன்பர்கள் வியக்கக்கூடும். காரணம் இருக்கிறது. அதனைச் சற்றுப் பின்னர்ச் சொல்கிறேன்.

பட்டியலின் நடுப்பக்கங்களில் 1953-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட வண்டி ஒன்று இருந்தது. பெயர் லான்சியா அவுரேலியா பி-20 ஜி.டி. சாம்பல் நிறம். பளபளப்பான உலோக அணிகள் இல்லை. கூரையின் கோடு முகப்புக் கண்ணாடியிலிருந்து எழுந்து, எங்கும் முறியாமல், நீர் வழிவதுபோல் வால்வரை இறங்கியிருந்தது. அதற்கு முந்தைய பக்கத்தில் இருந்த சிவப்புநிறப் பந்தய வண்டி, கண்ணைப் பிடித்து இழுத்தது. இதுவோ கண்ணை அழைக்கவே இல்லை. ஆயினும் பக்கத்தைப் புரட்டிய பிறகு மீண்டும் திரும்பி வந்து பார்க்க வைத்தது.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். ஸ்டீயரிங் வலப்புறம் இருந்தது. இத்தாலியில் சாலையின் வலப்பக்கமாகவே செல்வர். ஆதலால் ஸ்டீயரிங் நம் ஊர் வண்டிக்கு மாறாக இடப்புறம் அல்லவா இருத்தல் வேண்டும்? விசாரித்ததில், லான்சியா நிறுவனத்தார் தம் சொந்த நாட்டுக்குச் செய்த வண்டிகளிலும் நெடுங்காலம் வலப்புறத்திலேயே ஸ்டீயரிங்கை வைத்துவந்தனர் என்று தெரிந்தது. ஆல்ப்ஸ் மலைப் பாதைகளில் பள்ளத்தை ஒட்டிய ஓரத்தை ஓட்டுபவர் நேராகக் காணவேண்டும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். 1954-இல் வந்த நான்காம் வரிசையிலிருந்துதான் பி-20 வண்டிக்கு இடப்புற ஸ்டீயரிங்கும் கிடைக்கலாயிற்று. அதுமட்டுமன்று. கியர் மாற்றும் தண்டு தரையில் இல்லை. ஸ்டீயரிங் தண்டிலேயே கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. இவ்விரண்டையும் கண்டதும் நெஞ்சில் ஏதோ ஒன்று தட்டியது. வலக்கை ஸ்டீயரிங்கில் இருக்க, இடக்கை அதன் கீழுள்ள கியர்த் தண்டை மேலும் கீழும் தள்ளுகிற அந்தத் தோற்றத்தை நான் பின்னிருக்கையிலிருந்து பல்லாயிரம் முறை பார்த்திருக்கிறேன்.

அவுரேலியாவின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். வின்சென்சோ லான்சியா என்பவர் ஃபியட் நிறுவனத்தில் வண்டிகளைச் சோதித்து ஓட்டுபவராகவும் பந்தய வீரராகவும் இருந்து, 1906-இல் டூரின் நகரில் தம் பெயரால் நிறுவனம் தொடங்கினார். அவர் 1937-இல் மறைந்தார். போருக்குப் பின் அவருடைய மகன் ஜியான்னி லான்சியாவின் காலத்தில், 1950-இல், அவுரேலியா வெளிவந்தது. உரோம் நகரிலிருந்து கடலோரமாக வடக்கு நோக்கிச் செல்லும் பண்டைய உரோமானியப் பெருவழியின் பெயர் அது. ஆப்பியா, ஃபிளாமினியா என்று பிற வண்டிகளுக்கும் அவர்கள் பழம்பெரும் சாலைகளின் பெயரையே சூட்டினர். வண்டிக்குச் சாலையின் பெயரை இடுவது எனக்கு மிகவும் உகந்ததாகப் படுகிறது. புலியின் பெயரும் புயலின் பெயரும் இடுவோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

அவ்வண்டியின் தலைமைப் பொறியாளர் விட்டோரியோ யானோ. ஆல்ஃபா ரோமியோவின் புகழ்பெற்ற பந்தய வண்டிகளை வடிவமைத்தவர். எஞ்சினை ஆராய்ந்து உருவாக்கியவர் பிரான்செஸ்கோ தே விர்ஜிலியோ. ஆறு சிலிண்டர்களை மும்மூன்றாக இரு வரிசையில், 60 பாகை கோணத்தில் சாய்த்து வைத்தால் அதிர்வு அடங்கும் என்பதைப் போர்க்காலத்திலேயே கணக்கிட்டுக் கண்டவர் அவர். விற்பனைக்கென உற்பத்தி செய்யப்பட்ட மோட்டார் வண்டிகளுள் அத்தகைய ‘வி-6’ எஞ்சினை முதன்முதல் பெற்றது அவுரேலியாதான். எஞ்சினை முன்னே வைத்தவர்கள், கிளட்சையும் கியர்ப்பெட்டியையும் பின் சக்கரங்களுக்கு நடுவே கொண்டுபோய் வைத்தனர். காவடி எடுப்பவர் இரு முனையிலும் ஒத்த பாரத்தைக் கட்டித் தோளில் நடுவாக ஏந்துவார் அல்லவா? அதே உத்தி. பாரம் ஒக்கும்போது வளைவில் வண்டி தடுமாறுவதில்லை.

நான்கு கதவு வண்டியாக வந்த அவுரேலியாவுக்கு 1951-இல் இரண்டு கதவு கொண்ட தம்பி பிறந்தான். அதுவே பி-20. ‘கிரான் டூரிஸ்மோ’ என்பதன் சுருக்கமே ஜி.டி. பெரும்பயணம் என்று நாம் சொல்லலாம். அச்சொல் போருக்கு முன்பே வழங்கியதுதான். எனினும், அது என்ன பொருள் தரவேண்டும் என்பதற்கு இலக்கணம் வகுத்த வண்டி பி-20 என்றே அறிந்தோர் பலரும் கூறுவர். பந்தய வண்டி வேகமாக ஓடும், ஓட்டுபவரைக் களைப்பித்துவிடும். குடும்ப வண்டி களைப்பிக்காது, ஆனால் ஓடாது. இரண்டுக்கும் நடுவே, இருவரும் அவர்தம் பெட்டிகளும் காலையில் ஒரு நாட்டில் புறப்பட்டு, மலையைக் கடந்து, மாலையில் இன்னொரு நாட்டில் கசங்காத சட்டையோடு இறங்க வேண்டும். கிரான் டூரிஸ்மோ என்பது அதுதான்.

பிறந்த ஆண்டிலேயே அது தன் பெயரை நிலைநாட்டியது. பிரெஷ்யாவிலிருந்து உரோம் சென்று திரும்பும் ஆயிரம் மைல் ஓட்டமாகிய ‘மில்லே மில்யா’வில், 1951-இல், ஜோவான்னி பிராக்கோவும் உம்பெர்ட்டோ மல்யோலியும் இரண்டு லிட்டர் எஞ்சின் கொண்ட பி-20-ஐ ஓட்டி இரண்டாம் இடம் பெற்றனர். அவர்களை முந்தியது நான்கு லிட்டருக்கும் மேற்பட்ட எஞ்சின் கொண்ட ஃபெராரி ஒன்று மட்டுமே. மறு ஆண்டு சிசிலித் தீவின் ‘தார்கா ஃபுளோரியோ’ ஓட்டத்தில் முதல் மூன்று இடமும் பி-20 வண்டிகளுக்கே கிட்டின. 1954-இல் மான்டி கார்லோ ராலியை லூயி ஷிரோன் வென்றதும் இவ்வண்டியில்தான்.

இத்தனை புகழும் கணக்கேட்டைக் காப்பாற்றவில்லை. செலவைப் பாராமல் செய்வது அவர்கள் வழக்கம். பந்தயச் செலவு வேறு சேர்ந்தது. 1955-இல் ஜியான்னி லான்சியா தம் பந்தய வண்டிகளை ஃபெராரியிடம் ஒப்படைத்தார். நிறுவனம் குடும்பத்தின் கையைவிட்டுச் சிமெண்டுத் தொழிலதிபர் கார்லோ பெசென்டியின் வசமாயிற்று. 1969-இல் ஃபியட்டே அதனை ஏற்றுக்கொண்டது. பி-20 வண்டிகள் 1958 வரை செய்யப்பட்டன. மொத்தம் நாலாயிரத்தைத் தொடவில்லை.

இனி, என் காரணம்.

எங்கள் அலுவலகத்தில் பதினோர் ஆண்டுகள் நிர்வாகப் பிரிவில் இருந்தேன். அலுவலக வண்டிகளைக் ‘கண்டம்’ செய்யும் கோப்புகள் என் மேசையில்தான் பிறந்தன. பெரும்பாலும் அம்பாசடர்கள். இத்தனை ஆண்டு கழிந்தது, இத்தனை கிலோமீட்டர் ஓடியது, இன்ன பகுதி பழுது, மதிப்பீடு இவ்வளவு என்று வரிசையாக எழுதி, முடிவில் ஒரு வாக்கியம் எழுதுவேன்: ‘இவ்வண்டியை மேலும் பழுதுபார்ப்பது சிக்கனமாகாது.’ முப்பதுக்குக் குறையாத வண்டிகளுக்கு அந்த வாக்கியத்தை எழுதியிருக்கிறேன். பிறகு குழு கூடும், ஏலம் நடக்கும், தாழ்வாரத்தின் கோடியில் ஓர் இடம் காலியாகும். நான் திறமையாகக் குறிப்பெழுதுபவன் என்று மேலதிகாரிகள் இருவர் சொன்னதுண்டு. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை.

அத்தகையவன் கண்ணுக்கு அந்த ஏலப் பட்டியலின் குறிப்பு எப்படிப் பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதுவும் பழைய வண்டியைப் பற்றிய குறிப்புதான். அதிலும் குறைகளை மறைக்கவில்லை. கதவின் அடிப்பட்டையில் துரு உள்ளது, இருக்கைத் துணி ஓரிடத்தில் கிழிந்துள்ளது, கடிகாரம் ஓடவில்லை. யாவும் சொல்லப்பட்டிருந்தன. ஆயின் எங்கள் கோப்பில் எவை குற்றங்களாக நிற்குமோ அவை அங்கே சான்றுகளாக நின்றன. துரு இருக்கிறது என்றால் அந்தத் தகடு மாற்றப்படாதது என்று பொருள். துணி கிழிந்திருக்கிறது என்றால் அது 1953-இன் துணி. சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் தொழிற்சாலைப் பதிவேட்டோடு ஒத்துள்ளன, வண்டியோடு வந்த கருவிப் பை இருக்கிறது, கையேடு இருக்கிறது, சிற்றூர் மருத்துவர் ஒருவர் நாற்பதாண்டு வைத்திருந்தார், அவர் எண்ணெய் மாற்றிய நாட்களைக் குறித்துவைத்த ஏடும் இருக்கிறது. இவ்வளவையும் எடுத்துரைத்த பிறகே விலை. ஒரு லட்சம் யூரோவுக்கு மேல். கோடி ரூபாயை எட்டும் தொகை.

மருத்துவரின் ஏடு என்ற சொல்லில் நின்றுவிட்டேன். ஏனெனில் எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியிலும் அப்படி ஓர் ஏடு இருக்கிறது.

என் தந்தையார் 1971-இல் சுருக்கெழுத்தராகத் தலைநகர் வந்தவர். 1987-இல், எனக்கு எட்டு வயதிருக்கும்போது, ஐந்தாண்டு ஓடிய பிரிமியர் பத்மினி ஒன்றை வாங்கினார். ஓய்வூதிய நிதியில் கடன் எடுத்து வாங்கியது. பம்பாய்க் குர்லாவில் செய்யப்பட்ட அந்தப் பத்மினி, இத்தாலிய ஃபியட் 1100-இன் மறுபெயர் என்பதைப் பலரும் அறிவர். அந்த ஃபியட் வரிசை டூரினில் வெளிவந்த ஆண்டு 1953 என்பதை நான் இப்போதுதான் அறிந்தேன். பட்டியலில் கண்ட சாம்பல்நிற அவுரேலியாவும் அதே ஊரில் அதே ஆண்டில் பிறந்தது. ஒன்றுக்கு ஆறு சிலிண்டர், 2,451 கன சென்டிமீட்டர், 118 குதிரைத்திறன்; மற்றதற்கு நான்கு சிலிண்டர், 1,089 கன சென்டிமீட்டர். அரண்மனைப் பிள்ளையும் குடிசைப் பிள்ளையும் ஒரே தெருவில் பிறந்ததுபோல.

ஆனால் பெரும்பயணம் செய்வதற்குக் குதிரைத்திறன் ஒன்றும் தடையன்று. 1990 மே மாதத்தில் தந்தையார் எங்களை அவ்வண்டியில் கும்பகோணத்திற்கு அழைத்துச் சென்றார். ஆக்ரா, குவாலியர், ஜான்சி, நாகபுரி, ஐதராபாத், பெங்களூர், சேலம், திருச்சி, தஞ்சை. ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர், ஆறு நாள். அம்மா மடியில் தண்ணீர்க் கூஜா. பின்னால் நானும் தங்கையும் எங்கள் இருவருக்கும் இடையே ஊறுகாய் ஜாடியும். சம்பல் பள்ளத்தாக்கின் வெயிலில் பெட்ரோல் பம்பு சூடேறி வண்டி நின்றுவிடும். தந்தையார் பதறமாட்டார். இறங்கி, பானட்டைத் திறந்து, நனைத்த துணியைப் பம்பின் மேல் சுற்றிவிட்டு, மரநிழலில் அமர்ந்து தம் ஏட்டை எடுப்பார். நின்ற இடம், நின்ற நேரம், மீட்டர் காட்டிய எண், போட்ட பெட்ரோல், கொடுத்த ரூபாய் எல்லாம் சுருக்கெழுத்துக்காரரின் சிறிய அழகிய கையெழுத்தில் ஏறும். கால்மணி நேரத்தில் வண்டி புறப்படும். தஞ்சைக்கு அப்பால் வயல்கள் தொடங்கியதும் அவர் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை முழுதும் இறக்கி, ஒன்றும் பேசாமல் ஓட்டிய அந்த ஒரு மணி நேரத்தை நான் மறந்ததில்லை. எந்த இத்தாலியன் எந்தக் கடலோரத்தில் அதைவிட நன்றாக ஓட்டியிருக்கப் போகிறான்?

முதுமை இருவரையும் ஒன்றாகவே பிடித்தது. பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் டில்லியில் ஓடக்கூடாது என்று 2014-இல் பசுமைத் தீர்ப்பாயம் கூறியது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. காற்றின் நிலையை அறிந்தவன் அந்த ஆணையைக் குறை சொல்ல மாட்டான், நானும் சொல்லவில்லை. குடியிருப்பு முற்றத்தில் உறையிட்டு நின்ற பத்மினியை அப்புறப்படுத்துமாறு அறிவிப்பு வந்தது. அப்போது தந்தையாருக்கு எழுபத்தேழு வயது. நினைவு விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. வேறு மாநிலத்தில் பதிவு செய்ய ஆட்சேபணையின்மைச் சான்று பெறலாம் என்பது எனக்குத் தெரியும். எந்தப் படிவம், எந்தச் சாளரம் என்பதுகூடத் தெரியும், எழுத்தனுக்குத் தெரியாததா? கும்பகோணத்துச் சித்தப்பா, ‘கொட்டகை காலியாகத்தான் கிடக்கிறது, லாரியில் ஏற்றி அனுப்பிவிடு’ என்று இருமுறை தொலைபேசியில் சொன்னார். லாரி வாடகை வண்டியின் விலையைவிட அதிகம். கணக்குப் போட்டேன். பழகிய வாக்கியம் தானே வந்து நின்றது: பழுதுபார்ப்பது சிக்கனமாகாது.

2019 ஜனவரியில் மேற்கு டில்லியிலிருந்து பழைய இரும்புக்காரர் இருவர் வந்தனர். பதினாலாயிரம் ரூபாய்க்கு முடிந்தது. தந்தையார் உறங்கும் பிற்பகல் வேளையைத் தேர்ந்துதான் வரச்சொல்லியிருந்தேன். இழுவை வண்டியில் ஏற்றியபோது வலக் கதவு தானே திறந்துகொண்டது. அந்தக் கதவுக்கு எப்போதுமே அந்தக் குணம் உண்டு. அழுத்தித் தூக்கிச் சாத்தவேண்டும். அவர்களுக்கு அது தெரியவில்லை. கயிற்றால் கட்டினார்கள். நான் போய்ச் சாத்திக் கொடுத்தேன்.

மாலையில் தந்தையார் முற்றத்தைப் பார்த்துவிட்டு, “வண்டி எங்கேடா?” என்றார்.

“பட்டறையில் விட்டிருக்கேன் அப்பா” என்றேன்.

“என்னவாம்?”

“பிரேக்கு கொஞ்சம் பார்க்கணுமாம்.”

அவர் தலையசைத்தார். அதன் பின் அவர் கேட்கவே இல்லை. 2020-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் காலமானார். மறந்துவிட்டார் என்றே நான் எண்ணியிருந்தேன். அவ்வாறு எண்ணுவது எனக்கு வசதியாகவும் இருந்தது. 2023 அக்டோபர் இறுதியில் மும்பைத் தெருக்களிலிருந்து கடைசிப் பத்மினி டாக்சிகள் விடைபெற்றன என்ற செய்தியும், மக்கள் அவற்றோடு நின்று படம் எடுத்துக்கொண்ட காட்சியும் நாளிதழில் வந்தபோது, பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

அந்த மார்கழி ஞாயிற்றிரவு, ஏலப் பட்டியலை மேசையில் விரித்து வைத்துவிட்டு, இரும்புப் பெட்டியைத் திறந்து தந்தையாரின் ஏட்டை எடுத்தேன். அவர் மறைந்தபின் அதைத் திறந்து பார்த்ததில்லை. முப்பத்திரண்டு ஆண்டு, நான்கு நோட்டுப் புத்தகங்கள் சேர்த்துத் தைக்கப்பட்டவை. சம்பல் பள்ளத்தாக்கு இருந்தது. நனைத்த துணி இருந்தது. ‘தஞ்சை 4-10 மாலை. குழந்தைகள் தூக்கம்’ என்று இருந்தது. நாங்கள் தூங்கவில்லை.

கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். வண்டியை நான் விற்ற மறுநாள் தேதி. எழுத்து நடுங்கியிருந்தது, ஆனால் கட்டம் தவறவில்லை. மீட்டர் எண்ணுக்குரிய இடத்தில் ஒரு சிறு கோடு. எதிரே எழுதியிருந்தார்: ‘பட்டறையில். பிரேக் வேலை. வந்ததும் வலக் கதவையும் பார்க்கச் சொல்லவும்.’

அதன் கீழே, ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில், பதினாறு மாதங்களுக்கு, ‘பட்டறையில்’ என்று மட்டும் இருந்தது.